நூலாகவே இருக்கட்டும்

செம்பூரில் நான் சமைக்கிற வீட்டம்மா, கம்பளி நூற்கப்போகிறேன் என்று தக்ளியும் ஒரு பை ஆட்டு ரோமமும் வாங்கினார். சீக்கிரமே சலித்துப்போய் என்னிடம் தள்ளிவிட்டார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான் என்றாலும் வீடியோ பார்க்கத் தெரியும். தாராவி வீட்டில் ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்து நூற்கப் பழகினேன்.

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். முன்பு தரித்தது எதுவும் தங்கவில்லை. அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள், பயமெல்லாம் எனக்கு. பிள்ளை அசைந்தது என்றால் பயம், அசையவில்லை என்றால் அதைவிடப் பயம். கை ஓடினால் மனசு கொஞ்சம் அடங்கியது.

தங்கையின் மாமியார் பார்த்துவிட்டார்.

"பொறக்காத பிள்ளைக்குத் துணிமணி சேக்கக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"துணி இல்லத்தே, வெறும் நூலு."

"நாளைக்கு அது சட்டையா ஆவாதோ?"

தங்கை சிரித்தாள். "விடுங்கத்தே. அக்கா நூக்குத வேகத்துக்கு எம்பிள்ளை பள்ளிக்கூடமே போயிரும்."

பிறக்கும்வரை பின்னுவதில்லை என்று முடிவு செய்தேன். நூற்பதோடு, சாயம் போடுவதோடு சரி. மஞ்சள் என்றால் வேர்வையில் குழந்தை மேலெல்லாம் ஒட்டும். வெங்காயச் சருகை வேகவைத்துப் படிகாரம் போட்டு நூலை முக்கினேன். தேன் நிறம் ஏறியது. தண்ணீர் தெளியும்வரை அலசினேன். அப்படியும் நம்பாமல், ஈர நூலை என் கழுத்திலேயே சுற்றிக்கொண்டு அரிக்கிறதா என்று பார்த்தேன்.

எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தலைதான் சீக்கிரம் குளிர்ந்துபோகும், தொப்பி வேண்டும் என்றார் நர்ஸ். தங்கை வீட்டுக்காரர் வாங்கிவந்த கடைத்தொப்பி குழந்தையின் முகத்தையே மூடியது. இனி பின்னலாம், பிறந்தாயிற்றே. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பின்னல் ஊசியை எடுத்தேன்.

பின்னிக்கொண்டே இருந்தபோது தங்கை வீட்டுக்காரர் வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

"போதும் மயினி. இனி தொப்பி வேண்டாம், எந்திங்க."

முதலிலேயே பின்னியிருந்தால் அந்தத் தலை குளிர்ந்திருக்காதோ, இல்லை, நூற்றதே தப்போ? இப்போதும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன்.

அன்று, பின்னியதைப் பிரித்துவிடலாம் என்று இழுக்கப் போனேன். கட்டிலில் கிடந்த தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிச்சிராதக்கா. அதையே போட்டு அனுப்பு."

பாதிதான் ஆகியிருந்தது. ஊசியிலிருந்த கண்ணிகளில் நூலைக் கோத்து, இழுத்து முடிந்தேன். அந்தத் தலைக்கு அதுவே போதுமாக இருந்தது.