யாரும் பேசாத நேரத்தின் மின்சாரம்

1. கல்லாறு, பகல் 11.40

காலை ஏழு மணிக்கு பேட்டரி முழுதாக நிரம்பிய ரேடியோ, கல்லாற்றங்கரையில் பதினொன்று நாற்பதுக்கு அணைந்துபோனது. மாலை ஆறு வரை தாங்கும் என்று, மின்செலவை அளந்து எழுதும் பவர் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டவன் நான்.

ஆற்றில் திடீர் வெள்ளம் வரும்போது மீட்புக் குழுவினர் கையில் வைத்துப் பேசுவதற்கான ரேடியோ அது. அதன் பிராசசரை வடிவமைத்தது திருவனந்தபுரத்தில் எங்கள் குழு. எந்த அலைவரிசையில், எந்த முறையில் பேசுவது என்பதை சாஃப்ட்வேரிலேயே மாற்றிக்கொள்ளலாம். சிப்பைத் தொட வேண்டியதில்லை.

மீட்புக் குழுவின் பிஜு ரேடியோவைத் திருப்பித் தந்தார். "சாரே, இது மத்தியானத்துக்கே உறங்குத சாதனமாக்கும். வெள்ளத்த காலையிலேயே வரச் சொல்லணும், அல்லே?"

அவர் ஆட்கள் சிரித்தார்கள். என் மேலாளர் ரெஜி சார் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் ஜீப்பில் சொன்னார்: "மணி, தப்பு சிப்ல இருந்தா வேற சிப் அடிக்க மேல சம்மதிக்க மாட்டாங்க, கேட்டோ. புராஜெக்ட் அதோட தீர்ந்தது. ஒரு வாரம் இருக்கு. நோக்குங்க."

2. பூஜ்யம்

ஒவ்வொரு அளவையும் நான் டைரியில் எழுதி வைப்பவன். வோல்டேஜ், கிளாக், அறையின் வெப்பம் எல்லாம் இருந்தன. இரண்டு நாள் சரிபார்த்தேன். ஒரு எண்ணும் தவறவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பக்கங்களை சுபாவிடம் காட்டினேன். ரேடியோவின் சாஃப்ட்வேர் எழுதியவள். கரமனை அக்ரகாரத்துப் பெண்.

"ரேடியோ சும்மா கேட்டுண்டிருக்கும்போது எவ்வளவு பவர்னு அளந்தேளே, உள்ள என்ன குடுத்தேள்?"

"ஒண்ணும் குடுக்கல. யாரும் பேசாத நேரம்தானே? ரீடிங் ஆடாம இருக்கட்டும்னு இன்புட் முழுக்க பூஜ்யம் வச்சேன்."

"நன்னா இருக்கு! எப்பவும் ஹாரன் அலறற பழவங்காடி ஜங்ஷனைக் காதைப் பொத்திண்டு கடந்துட்டு, ஒரே அமைதின்னு எழுதியிருக்கேள்."

எனக்கு உடனே புரிந்தது. யாரும் பேசாவிட்டாலும் ரிசீவரில் இரைச்சல் வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு பிட்டும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே புரளும். ஒவ்வொரு புரளலும் கொஞ்சம் மின்சாரம் தின்னும். நான் பூஜ்யம் வைத்து அளந்தபோது எதுவும் புரளவே இல்லை. ஆனால் ஆற்றங்கரையில், பதினாறு பெருக்கல் சுற்றுகள் ஒன்றாக ஓடும் வெக்டர் யூனிட், அதாவது சிப்பின் பெரிய கணக்குப் பகுதி, காலை முதல் வெறும் இரைச்சலை அரைத்துக்கொண்டிருந்தது.

ரெஜி சாரின் அறைக்குப் போய், ரிப்போர்ட் தவறு, தவறு என்னுடையது என்றேன்.

"சிப்ல இல்ல, உங்க மேசையிலதானே? மேசையை மாத்த யார் சம்மதமும் வேண்டாம். போய் நேராக்குங்க."

3. மறுபடி கல்லாறு

சுபா புரோகிராமை மாற்றினாள். யாரும் பேசாதபோது வெக்டர் யூனிட்டை இயக்கும் கிளாக் துடிப்பை நிறுத்திவிட்டு, சிப்பிலுள்ள சின்ன கோர் மட்டும் காவல் இருக்கும். பேச்சின் தொடக்கக் குறி தெரிந்தால்தான் பெரியதை எழுப்பும். எழும் நேரத்தில் முதல் சொல் தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதுவரை வருவதை பஃபர் என்ற சிறிய தற்காலிக நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். இம்முறை நிஜ ஆன்டெனாவோடு அளந்தேன். ரீடிங் ஆடியது. ஆடியபடியே எழுதிக்கொண்டேன்.

அடுத்த சோதனையில் மாலை ஆறு பத்துக்குப் பாறைக்கு அப்பாலிருந்து பிஜுவின் குரல் வந்தது. முதல் சொல்லும் விடுபடவில்லை. "சாரே, இது உறங்கல. எனக்குத்தான் உறக்கம் வருது. போகலாமா?"

இன்று என் டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் கட்டம், 'உள்ளே என்ன வந்தது?' அதை நிரப்பாமல் அளவை எழுதுவதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் அந்தக் கட்டத்தை முதலில் போடுங்கள். ஆடாத ரீடிங் கிடைத்தால், எதை மூடி வைத்திருக்கிறோம் என்று ஒரு முறை பாருங்கள்.