மூக்கம்மாவும் முதல் வளைவும்

பந்தயம் தொடங்கினால் முதல் வளைவு வரைக்கும்தான் மூக்கம்மா பார்ப்பாள். அதற்கு மேல் யார் யாரை முந்தினால் என்ன, யார் கோப்பையைத் தூக்கினால் என்ன, அவளுக்கு ஒன்றும் இல்லை. பட்டறை கேன்டீனில் டிவிக்கு முன்னால் எல்லோரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் கதவோரமாக நின்றுகொண்டிருப்பாள். இருபது வண்டிகளும் முண்டியடித்துப் பாய்ந்து முதல் வளைவைத் தாண்டிவிட்டால் ஒரு பெருமூச்சு விடுவாள். தாண்டாவிட்டால் வேறு விதமான பெருமூச்சு. முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமலே எது எதுவென்று சொல்லிவிடுவார்கள்.

மூக்கம்மா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. பந்தயக் காரின் முன்னால் நீளமாக ஒரு மூக்கு இருக்குமே, அதன் அடியில் இரண்டு பக்கமும் இறக்கை விரித்தாற்போல் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்குமே, அதைச் செய்கிறவள் என்பதால் பட்டறை வைத்த பெயர். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் நேரமில்லாமல் போனது. அது சின்ன அணி. இரண்டு கார், ஒரு லாரி, எப்போதும் கடைசிக்கு இரண்டு இடம் முன்னால். மூக்கு செய்யும் அறையில் இரண்டு பேர் இருக்க வேண்டும். இன்னொருத்தி மணிக்கட்டு வீங்கி வீட்டில் கிடக்கிறாள். ஆக, மிச்சம் இருப்பது இவள்தான்.

ஒரு மூக்கு சும்மா வந்துவிடாது. ஃப்ரீசரில் வைத்திருக்கும் கருப்பு கார்பன் துணியை எடுத்து, வெட்டி, அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு படையையும் விரல் நுனியால் மூலை முடுக்கெல்லாம் அழுத்தி, உள்ளே ஒரு பொட்டுக் காற்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி, பெரிய அழுத்த அடுப்பில் வேக வைத்து, எடுத்து, தேய்த்து, எடை பார்த்து அனுப்ப வேண்டும். அந்தத் தூசி உடம்பில் பட்டால் குளித்தாலும் அரிப்பு போகாது. இவ்வளவும் செய்து அனுப்பினால், பந்தயம் தொடங்கும் விளக்கு அணைந்து மூச்சு விடுவதற்குள் எவனாவது கொண்டுபோய் எவன் சக்கரத்திலாவது இடித்துவிடுவான். குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்று சொன்னவன் இந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு இந்தப் பந்தயமே ஒரு கேலிக்கூத்து.

"நான் ஓட்டாத வளைவா? ஒரு நாளாவது எவனையாவது இடிச்சிருக்கேனா? இவனுங்களுக்கு ரோட்டுல எதிர்ல வண்டியே வராது. மாடு வராது, சைக்கிள் வராது. அப்பவும் இடிச்சுக்கறானுங்க," என்பார்.

"அவங்களும் ஸ்டாப்புல நின்னு ஆள் ஏத்திட்டுப் போனா இடிக்க மாட்டாங்க," என்பாள் இவள். அதற்கு மேல் பேசத் தெம்பு இருக்காது.

அந்த வருடம் பாதிப் பந்தயங்கள் முடிந்திருந்த சமயம், மேலே இருக்கும் இன்ஜினியர்களுக்கு ஞானோதயம் வந்தது. புது மூக்கு, அதற்குத் தோதான புது அடித்தட்டு. இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஒரு சுற்றுக்கு அரை செகண்டு மிச்சமாகும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம். கேக் வெட்டினார்கள். மூக்கம்மாவுக்கும் ஒரு துண்டு வந்தது. கேக்கைத் தின்ற கையோடு அவள் வேலையில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். செய்த முதல் புது மூக்கு அடுத்த பந்தயத்தின் முதல் வளைவில் போனது. இரண்டாவது அதற்கடுத்த பந்தயத்தின் முதல் வளைவில் போனது. இரண்டையும் உடைத்தவன் ஒரே ஆள். இளைய டிரைவர். பட்டறையில் அவனுக்கு அவசரம் என்று பெயர். நெஞ்சில் ஈரம் உள்ள பிள்ளைதான், ஆனால் காலில் பிரேக் இல்லை. எல்லோரும் மிதித்த பிறகும் ஒரு வண்டி தூரம் போய்த்தான் மிதிப்பான்.

மூன்றாவதும் நாலாவதும் தயாராயின. காருக்கு ஒன்று, உபரி கிடையாது. இந்தப் பந்தயம் முடிந்தால் அணிக்கு இரண்டு வாரம் விடுமுறை. எதுவும் உடையாமல் வந்தால் மூக்கம்மாவுக்கும் விடுமுறை. உடைந்தால் கிடையாது. கதை இவ்வளவுதான்.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் அவள் மகளுக்குப் பிரசவத் தேதி. மகள் வேறு ஊரில் இருக்கிறாள், ஒரு ராத்திரி பஸ் தூரம். போன தடவை ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. சேதி வந்தபோது மூக்கம்மாவின் கையில் பாதி பதித்த ஒரு மூக்கு இருந்தது. "இதை முடிச்சுட்டு வந்துடறேன்," என்றாள். முடித்துவிட்டுப் போய்ச் சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. மகள் அழுது முடித்து, முகம் கழுவி, தலை வாரி உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தக் கேள்வியை மூக்கம்மாவால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

பந்தய வாரத்தில் வண்டி சீட்டில் உட்கார்ந்து அளவு பார்க்க அவசரம் பட்டறைக்கு வந்தான். வந்தால் மூக்கு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, உடைத்த குற்றத்துக்கு இரண்டு கையாலும் காதைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். அன்றைக்கு மூக்கம்மா தலையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேட்பேன். சிரிக்கக் கூடாது."

"கேளுங்கக்கா."

"இந்த ஒரு தடவை முதல் வளைவுல கொஞ்சம் பொறுமையா போ. ஒரே ஒரு வளைவு. அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்க. இது உடைஞ்சா நான் என் பொண்ணு பிரசவத்துக்குப் போக முடியாது. போன தடவையும் நேரத்துக்குப் போகல."

அவன் சிரிக்கத்தான் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"உங்க மூக்குக்கு ஒரு கீறல் விழாது. போதுமா?" என்றான்.

டிரைவரிடம் மெதுவாகப் போ என்று சொல்வது அந்தத் தொழிலில் யாரும் செய்யாத காரியம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டாள், வேறு வழியில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை. கேன்டீனில் அதே கூட்டம், கதவோரத்தில் அதே மூக்கம்மா. புது மூக்கின் புண்ணியத்தில் அவசரம் எட்டாவதாக நின்றான். அவனுக்கு நேர் பின்னால் அதே அணியின் மூத்த டிரைவர் நின்றார். வயதில் பெரியவர், சண்டை சச்சரவுக்குப் போகாதவர். விளக்குகள் அணைந்தன. வண்டிகள் பாய்ந்தன. வளைவு நெருங்கியது. அவசரம் பிரேக்கை மிதித்தான். எல்லா மனிதர்களும் மிதிக்கிற இடத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே, தலை படிய வாரிய பள்ளிக்கூடப் பிள்ளை போல, ஒழுங்காக மிதித்தான்.

அங்கேதான் வினை. மூத்தவர் மூன்று வருடமாக அவன் பின்னால் ஓட்டுகிறவர். இந்தப் பயல் கடைசி நொடி வரை மிதிக்க மாட்டான் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கணக்கில்தான் அவரும் மிதிக்காமல் வந்தார். ஊரெல்லாம் அவன் அவசரத்தைத் திட்டினாலும், அவர் அதை நம்பித்தான் வண்டி ஓட்டியிருக்கிறார். நேராகப் போய் அவன் முதுகில் ஏறிவிட்டார்.

மூத்தவரின் மூக்கு தூள் தூளாகப் பறந்தது. அவசரத்தின் வண்டியில் பின் இறக்கை மடிந்து, புது அடித்தட்டு கிழிந்து தொங்கியது. இரண்டு பேருக்கும் அடி ஒன்றுமில்லை, வண்டியை விட்டு இறங்கி நடந்தார்கள். கேமரா கிட்டே போய்க் காட்டியது. அவசரத்தின் மூக்கில் ஒரு கீறல் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் பாவி.

கேன்டீனில் அன்று மூக்கம்மாவிடமிருந்து எந்தப் பெருமூச்சும் வரவில்லை. ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் டிவியில் அவன் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினார்கள். ஏன் அங்கே மிதித்தாய் என்று கேட்டார்கள்.

"என் தப்புதான். கொஞ்சம் சீக்கிரம் மிதிச்சுட்டேன்," என்றான்.

ஏன் என்று மறுபடியும் கேட்டார்கள். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போய்விட்டான். அவன் பயந்துவிட்டான், இனி பந்தயத்துக்கு லாயக்கில்லை, அடுத்த பந்தயத்துக்கு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று டிவியில் பேசுகிறவர்கள் அதற்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவன் வழக்கம் போல மிதித்திருப்பான், ஒருவேளை எல்லோரும் தாண்டியும் இருப்பார்கள் என்று மூக்கம்மா நினைத்தாள். குரங்கு பிடிக்கப் பிள்ளையார் ஆன கதை கேள்விப்பட்டதில்லை. தனக்கு மட்டும் எதைப் பிடித்தாலும் ஏன் குரங்காகவே முடிகிறது என்று அலுத்துக்கொண்டாள்.

ஃபோர்மேன் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். கெட்ட சேதியைச் சொல்வதற்கென்றே அணி வைத்திருக்கும் நல்ல மனிதர்.

"மூக்கம்மா, மேலேருந்து போன் வந்துச்சு. கார்பன் வேலை பார்க்கிற ஆளுங்களுக்கு லீவு கிடையாது. ஒரு மூக்கு, ஒரு பின் இறக்கை, ஒரு அடித்தட்டு. நாளைக்குக் காலைல ஆரம்பிச்சாதான் முடியும்."

"நான் இன்னிக்கு பஸ்ஸுக்குப் போறேன் அண்ணே."

அவர் காதில் வாங்காதவர் போல, "துணி வெட்ட மட்டும் ரெண்டு பேர் தர்றேன்," என்றார்.

"அண்ணே, நான் போறேன்னு சொன்னேன்."

"போயிட்டா மூக்கு யார் செய்வா?"

"பழைய மூக்கு ரெண்டு கிடக்கில்ல, அதை மாட்டுங்க."

"அதை மாட்டினா சுத்துக்கு அரை செகண்டு போயிடும்மா."

"போகட்டும்ணே. போன தடவை நான் என் பொண்ணுகிட்ட ரெண்டு நாள் லேட்டா போனேன். அந்தக் கணக்கே எனக்கு இன்னும் முடியல. அரை செகண்டு எல்லாம் எனக்குப் புரியாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை. ஃபோர்மேன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"போனா திரும்ப வர வேணாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும். இன்னொண்ணு. அந்தப் பையன் பயந்து மிதிக்கல. நான்தான் மெதுவா போகச் சொன்னேன். என் பொண்ணுக்காகச் சொன்னேன். அதையும் மேல சொல்லிடுங்க."

"நான் மூணு வருஷமா சொல்றேன், கேட்கல. நீ சொன்னதைக் கேட்டானா?" என்றார் அவர். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு, "சொல்றேன். பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னா கிளம்பு," என்றார்.

விடிந்த பிறகு மகள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் திறந்தான். "வாங்கத்தை," என்று பையை வாங்கிக்கொண்டான். பின்னாலேயே மகள் இடுப்பில் கை வைத்தபடி வந்து நின்றாள்.

"லீவு குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

மகள் நகர்ந்து வழி விட்டாள்.

"கொஞ்சம் முதுகைச் சாய்ச்சுட்டு வந்து சமைக்கிறேன்," என்று சொல்லிக் கட்டிலில் படுத்த மூக்கம்மா, அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள். மகளுக்கு உதவ வந்த லட்சணம் அது. மகள் சமைத்தாள், சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், அம்மாவின் கால்மாட்டில் விழுந்து கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். மத்தியானம் முதல் வலி வந்தபோது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அது போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாவை எழுப்பவில்லை. இரண்டாவதுக்கும் எழுப்பவில்லை. மூன்றாவது வந்தபோதுதான் தோளைத் தொட்டாள்.

"அம்மா. ஆரம்பிச்சுடுச்சு."

மூக்கம்மா விருட்டென்று எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் மகளின் முதுகில் கை வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பை கதவுக்குப் பக்கத்தில் எப்போதோ கட்டித் தயாராக இருந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போயாயிற்று, ஆட்டோவும் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும் மகளே செய்து முடித்திருந்தாள்.

வாசலில் யாரோ செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள், வெளியே போகும் சேலையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தார்.

"நான் ரெடிம்மா. போலாமா?" என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வலிக்கு நடுவில் முகம் சுருங்கியது.

"இவங்களைக் கூட வரச் சொல்லி வெச்சிருந்தேம்மா, போன மாசமே," என்றாள். "நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

மூக்கம்மா எதிர்வீட்டு அம்மாளின் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"நானும் அப்படித்தான்டி நெனச்சேன்," என்றாள். பிறகு மகளின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.