ஓக் மரத்தில் ஒரு தூளி

போன வருடம் மே மாதம், டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜ். என் பிள்ளைகள் வளர்ந்த பிறகு நர்சிங் ஆசையில் அங்கே சேர்ந்திருந்தேன். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, எல் சால்வடார் பூர்வீகக்காரர்கள். வகுப்பு தொடங்கும்வரை ஸ்பானிஷ் கலகலவென்று ஓடும். நாற்பதைத் தாண்டியவள் என்பதால் நான் அவர்களுக்கு 'சென்யோரா'. நம் ஊர் 'அம்மா' மாதிரி மரியாதை.

அன்று எலும்புகளைப் பார்த்துப் பெயர் எழுதும் பரீட்சை. முதல் பேட்ச்சில் முடித்துவிட்டு வெளியே வந்தால், என் லேப் பார்ட்னர் கைக்குழந்தையோடு கண்கலங்கி நிற்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இருந்த அக்காவை திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். லேபுக்குள் குழந்தையை விடமாட்டார்கள். இதை எழுதாவிட்டால் அவளுக்கு நர்சிங் சீட் போச்சு.

"குடு இப்படி. நீ உள்ளே போ."

"இவன் யார்கிட்டயும் இருக்க மாட்டான், சென்யோரா."

"இருப்பான், போ!"

எங்கே இருந்தான்? கட்டடமே அதிரக் கத்தினான். ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதற்காகக் காரில் வைத்திருந்த நீலக் காட்டன் புடவையை எடுத்து, வாசல் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில் தூளி கட்டினேன். கணவருக்கு போன் செய்து விஷயத்தைச் சொல்லி, வரத் தாமதமாகும் என்றேன்.

"காலேஜ்ல தூளியா? ஏம்மா, போலீஸ் வந்து அள்ளிட்டுப் போகப்போறான்!"

"வந்தா அவனையும் ஆட்டச் சொல்றேன். வைங்க போனை."

தாலாட்டு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை; மண்டை முழுக்க எலும்புகள். கிளாவிக்கிள், ஸ்கேப்புலா, ஹியூமரஸ் என்று ராகமாக இழுத்தேன். அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகி அடங்கியது. இலை நிழலும் புடவை நீலமும் புல்லின் மேல் போய்ப் போய் வந்தன. கடந்து போனவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

காலேஜ் காவலர் வண்டி நிஜமாகவே வந்து நின்றது. நரைத்த மீசைக்காரர். முடிச்சை இழுத்துப் பார்த்தார். கிளையை அசைத்துப் பார்த்தார்.

"எங்க அம்மாவும் இப்படித்தான் துணியில கட்டி ஆட்டுவாங்க" என்று கிசுகிசுத்தார். வாக்கி டாக்கியை அணைத்துவிட்டு, என்னை நகரச் சொல்லி, தானே ஆட்டத் தொடங்கினார்.

பரீட்சை முடிந்து ஓடிவந்தவள் தூளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "எல்லாம் எழுதிட்டேன்" என்றபடி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவள், அடுத்த நிமிடம் உறங்கிப்போனாள். நாங்கள் எழுப்பவில்லை.

விசா, வேலை, வீடு என்று எல்லாம் அமைந்தும் இந்த நாட்டில் இத்தனை வருடம் விருந்தாளி மாதிரிதான் இருந்தேன். பெற்ற பிள்ளையை என் கையில் விட்டுவிட்டு ஒருத்தி பரீட்சைக்குப் போன அந்த மரத்தடியைத்தான் இன்றும் என் ஊர் என்று நினைத்துக்கொள்கிறேன்.