வைத்தீஸ்வரனின் விரதமும் டாக்டர் சீட்டும்

1911-இல் பவானிபூர் வைத்தீஸ்வரனுக்கு முப்பத்தெட்டு வயது. சணல் கம்பெனியில் குமாஸ்தா. உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. அது அவருக்கே பொறுக்கவில்லை போலும். ஹாரிசன் ரோடில் ஒரு சாமியார் விற்ற புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிரம்மசரிய விரதம் பூண்டார். மனைவி ராஜலக்ஷ்மியிடம் சேதியாகச் சொல்லிவிட்டுக் கூடத்தில் படுக்கத் தொடங்கினார். தான் என்ன பாவம் செய்தோம் என்று புரியாமல் அவள் இரண்டு நாள் அழுதாள்.

ஒரு வருஷம் போனது. அடிவயிற்றில் ஓயாத வலி. நிமிஷத்துக்கு நிமிஷம் மூத்திரம் முட்டியது. டிராமிலிருந்து மைதானத்தில் இறங்கி மரம் தேடுவார். ஆபீஸ் போய்ச் சேர நாலு டிராம் ஏற வேண்டியிருந்தது. சேமித்த சக்தி உள்ளே பொங்குகிறது என்று சக குமாஸ்தாக்களிடம் பெருமை வேறு! அசட்டு மனுஷர்.

கடைசியில் வலி பொறுக்காமல் டாக்டர் நிவாரண் பாபுவிடம் போனார். அவர் எப்படிச் சோதித்தார் என்பதை வைத்தீஸ்வரன் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

"மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி வீங்கிப் புண்ணாகிக் கிடக்கிறது. கல்யாணம் ஆனவர்தானே?"

"விரதத்தில் இருக்கிறேன்."

"அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். அளவு மீறினாலும் ஆகாது, அடியோடு நிறுத்தினாலும் ஆகாது. விரதத்தை விடும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வாயால் சொல்ல வெட்கம். ராஜலக்ஷ்மிக்கோ இங்கிலீஷ் தெரியாது. ஆகவே சீட்டைத் தமிழில் பெயர்த்து, 'உண்மை நகல்' என்று கையெழுத்தும் போட்டு, அஞ்சறைப்பெட்டி மேல் வைத்தார். வெந்நீர்த் தொட்டியில் உட்காருதல், காரம் தவிர்த்தல், வாரம் இருமுறை மனைவி.

அவள் இரண்டு தரம் படித்தாள்.

"வெந்நீர் போட்டுத் தரேன். காரத்தையும் நிறுத்திடறேன். மூணாவது என்னால ஆகாது."

"டாக்டர் சொல்றார், ராஜி."

"சாமியார் சொன்னார், போனேள். டாக்டர் சொல்றார், வரேள். நான் என்ன கஷாயமா?"

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வைத்தீஸ்வரனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வலியைவிட அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. மூன்று வாரம் வெந்நீரில் உட்கார்ந்தார், சப்பென்ற ரசத்தைக் குடித்தார். வலி பாதியாகக் குறைந்தது, பயம் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அறை வாசலில் போய் நின்றார்.

"ராஜி, இப்போ யாரும் சொல்லலை. நான்தான் கேக்கறேன். உன்னைக் கேக்காம விரதம் எடுத்துண்டது தப்பு. நீ இல்லாம எனக்கு..."

அதற்குமேல் நிற்க முடியவில்லை. முட்டிக்கொண்டு வந்தது. வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். அழுகையும் வந்துவிட்டது.

ராஜலக்ஷ்மி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வந்தாள்.

"போயிட்டு வாங்கோ. கதவைத் திறந்துதான் வெச்சிருக்கேன்."