அரத்தில் செய்த கொக்கி

என்னால் சும்மா உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை பரபரக்கும். திருவொற்றியூரில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் கிடங்கில் அரமும் சுத்தியலும் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. நான் கொல்லன் இல்லை. ஆனாலும் ராயபுரத்து வீட்டின் பின்கட்டில் உலை வைத்தேன். ஓட்டை எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து உள்ளே களிமண் பூசினேன். முழ நீளத் தண்டவாளத் துண்டுதான் பட்டடை. காற்றுக்கு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி இறக்கைகள் செய்தேன். அதைச் சுழற்ற என் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிக் கயிறு போட்டேன்.

"உனுக்கு ஒரு சாமான் முழுசா இருந்தா பேஜாரா கீதா?" என்றாள் என் மனைவி. மறுநாளிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

அக்காவின் கணவர் துறைமுகத்தில் மூட்டை இழுப்பவர். தன் கைக்கொக்கி மழுங்கிவிட்டது என்றார். நான் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். தேய்ந்துபோன பெரிய அரம் ஒன்றைக் காய்ச்சி வளைத்து, முனை தட்டி, செக்கச்செவேல் என்று இருக்கும்போதே ஒரு வாளிக் கடல்நீரில் முக்கினேன். உப்புத் தண்ணீர் இரும்பைக் கெட்டியாக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வேறோர் அரத்தால் ராவிப் பார்த்தேன். வழுக்கியது, ஒரு கீறல் விழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீரில் முக்கிய இரும்பை மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒடியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. கிடங்கில் தினமும் காதில் விழுகிற பேச்சுதான். ஆனால் உலை அணைந்திருந்தது, மறுபடி சக்கரம் சுற்றப் பொறுமை இல்லை. அவசரக்குடுக்கை நான். கைப்பிடி மாட்டி அன்று மாலையே கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கிடங்கில் ஓர் அரம் என் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாக ஒடிந்தது. குனிந்து துண்டுகளை எடுத்தேன். அந்தக் கொக்கியும் அரம்தானே. மேல் அடுக்குப் பொதியில் அதைக் கொத்தி, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அவர் இழுப்பார். ஒடிந்தால் மல்லாந்து விழுவார், பொதி அவர் மேல் வரும்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் வரவில்லை. சைக்கிளோ பின்கட்டில் சக்கரம் இல்லாமல் கிடந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு தண்டையார்பேட்டை வரை ஓடி, ஒரு லாரியில் தொற்றிக்கொண்டேன்.

துறைமுக வாசலில் பாஸ் இல்லாமல் உள்ளே விடவில்லை. கெஞ்சினேன். "சங்கு ஊதட்டும், அல்லாரும் சோத்துக்கு வருவாங்கோ" என்றான் காவலாளி. அதுவரை வாசலுக்கும் டீக்கடைக்குமாக நடந்தேன். யாராவது அலறினால் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன்.

உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு அவர் வந்தார். கொக்கி இடுப்பில் இருந்தது.

"இன்னா மச்சான், வூட்ல இன்னா ஆச்சு?"

"கொக்கியப் போட்டீங்களா மாமா?"

"காலீலேர்ந்து சிமெண்டு. காயிதப் பை, கொக்கி போட்டா கிழிஞ்சுடும். மத்தியானம் பஞ்சுப் பொதி கீது, அப்பதான்."

அதைப் பிடுங்கி வாசல் கல்லில் ஓங்கி அடித்தேன். வளைவிலேயே ஒடிந்தது.

அவர் துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "இன்னொண்ணு செய்யி. மொதல்ல நீ அதுல தொங்கு. அப்பால எனுக்குக் குடு" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த ஞாயிறு வைக்கோல் நிறம் வரும்வரை காத்திருந்தேன். புதுக் கொக்கியை உத்தரத்துக் கயிற்றில் மாட்டி, கால் தரையில் படாமல் தொங்கினேன். எதிரே அக்கா வந்து நின்றாள். இறங்கட்டுமா என்று கேட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கொக்கியின் வளைவையே பார்த்தபடி, "இன்னும் கொஞ்ச நேரம் தொங்கு" என்றாள்.