துறை அனுப்பிய ஆள்

ஆர்டிஸ் கிரெம்ஸர் இடது கை விரல்களால் கணவன் வெண்டெலின் கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சவரக்கத்தியை இறக்கினாள். பக்கவாதம் அடித்த பக்கம் அது. தோல் தொங்கும், இழுத்துப் பிடிக்காவிட்டால் வெட்டிவிடும். முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் பிறத்தியார் முகங்களைச் சிரைத்தவள் என்பதால் கைக்கு யோசனை தேவைப்படவில்லை. வெண்டெலின் தலைதான் ஓரிடத்தில் நிற்காமல் டி.வி. பக்கமே திரும்பியது.

"அசையாதே. காது போயிடும்."

"போனா உனக்கு நல்லதுதானே? சத்தம் சத்தம்னு நீதான் புலம்புற."

"உனக்குக் காது போனா நீ இன்னும் சத்தமா வைப்பே."

டி.வி.யில் ராண்ட் கல்வர் மேசை மீது சாய்ந்து, பக்கத்து வீட்டுக்காரன் வேலி மேல் கைபோட்டு ரகசியம் சொல்வது போலப் பேசிக்கொண்டிருந்தான். "அவங்க எங்கேயோ தலைநகரத்துல இருக்காங்கன்னு நினைக்காதீங்க. உங்க தெருவிலயே இருக்காங்க" என்றான். கல்வர் வருவது தினமும் ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் கல்வர் சொன்னதை மற்றவர்கள் வந்து சொன்னார்கள். அவன் எந்தக் கட்சிக்காக வாதாடினான் என்பது இங்கே வேண்டாம். இரண்டு கட்சிக்கும் இப்படி ஆட்கள் உண்டு, இரண்டு பக்கத்திலும் இப்படி வீடுகள் உண்டு.

ஆர்டிஸ் முகத்தைத் துடைத்து முடிக்கவும், எதிர்வீட்டு லைல் ஊஸ்ட்பி சமையலறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

"என்ன மாப்பிள்ளை, கல்யாணத்துக்குக் கிளம்பியாச்சா?"

"உன் கட்சிக்குக் கருமாதி. அதுக்குத்தான்" என்றான் வெண்டெல்.

"சாப்பாடு உண்டுன்னா சொல்லு, நானும் வரேன்."

இடுப்பில் அகலமான துணிப் பட்டையைக் கட்டி, லைல் ஒரு பக்கமும் ஆர்டிஸ் மறுபக்கமும் பிடித்து, மூன்று எண்ணி, வெண்டெலைக் கட்டிலிலிருந்து சாய்வு நாற்காலிக்கு மாற்றினார்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. பால் லாரி ஓட்டிய உடம்பு. இரண்டு பேர் இல்லாமல் நகராது. மினியாபொலிஸிலிருந்து மகள் வாராவாரம் போனில், "அம்மா, அப்பாவை இல்லத்துல சேர்த்துடு" என்றாள். ஆர்டிஸ் மறுத்தாள். அதைப் பாசம் என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. இரவு முறையில் நீண்ட நடைக்கூடம் முழுக்க இரண்டே உதவியாளர்கள் ஓடுவதையும், மணியடித்துக் காத்திருந்தவர்கள் முதுகுத்தண்டின் கீழே புண் பூப்பதையும் கண்ணால் பார்த்தவள். லைல் வந்துகொண்டிருக்கும்வரை வெண்டெல் வீட்டில் இருக்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

வெண்டெல் எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. அவன் அப்பா எந்த ஜனாதிபதி பேசினாலும் ரேடியோ முன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காருவார். வெண்டெலும் அப்படியே வளர்ந்தான். ஒரு தேர்தலில் இவர்களுக்குப் போடுவான், இன்னொன்றில் அவர்களுக்கு. பிறகு ஊரில் இருந்த பால் பண்ணைத் தொழிற்சாலை ஆட்டம் கண்டது. ஒரு கட்சி வேட்பாளர் அதன் வாசலில் நின்று, "இந்தக் கதவு மூடாது" என்றார். வெண்டெல் முன்வரிசையில் நின்று கைதட்டினான். கதவு மூடியது. நான்கு வருடம் கழித்து மற்றக் கட்சி வேட்பாளர் அதே பூட்டிய வாசலில் நின்று, "இந்தக் கதவு திறக்கும்" என்றார். வெண்டெல் அப்போதும் போனான், கைதட்டவில்லை. கதவும் திறக்கவில்லை. அதன் பிறகு யாரையும் நம்புவதில்லை என்றான். ஆனால் ஒருவரையும் நம்பாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? காலும் கையும் போய் நாற்காலியில் விழுந்தபோது கல்வர் வந்து அந்தக் காலி இடத்தில் குடியேறினான்.

அக்டோபரில் தெருவெங்கும் கட்சிப் பலகைகள் முளைத்தன. கம்பிக் காலில் நிற்கும் பிளாஸ்டிக் பலகைகள். லைல் தன் கட்சியுடையதைப் புல்வெளியில் நட்டான். வெண்டெல் தன் கட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தனக்கொன்று வரவழைத்தான். ஆர்டிஸ் அந்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடப்போவதில்லை. அதை அவனிடம் சொல்லவும் இல்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"மரம் மறைக்குது! இன்னும் தள்ளி!" ஜன்னல் வழியாக வெண்டெல் கத்தினான். "நான் உட்கார்ந்த இடத்துலேருந்து தெரியணும்!"

அவள் மேப்பிள் மரத்தைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, சாலையோரத்தில் நட்டாள். சில நாட்கள் கழித்து ஒரு மதியம் பார்த்தால் பலகையைக் காணவில்லை. லைலின் பலகை நின்ற இடத்தில் நின்றது.

அந்த வாரம் கல்வர் பலகைத் திருட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் மளிகைக் கடைக்குப் போன நேரத்தில், வெண்டெல் நல்ல கையால் ஷெரீப் அலுவலகத்தைக் கூப்பிட்டு, லைல் ஊஸ்ட்பி என்று பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தான். அவள் திரும்பி வரும்போது எதிர்வீட்டு வாசலில் போலீஸ் கார் நின்றது. லைல் செருப்புகூடப் போடாமல் படியில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். போகிற வருகிற வண்டியெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போயின.

அன்று சாயங்காலம் அவன் வரவில்லை. அவன் மனைவி போனி போனில், "அவரால இனிமே முடியாது ஆர்டிஸ். முதுகு வலின்னு வெச்சுக்கோ" என்றாள்.

"உன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று ஆர்டிஸ் கணவனிடம் கேட்டாள்.

"திருடனைத் திருடன்னு சொன்னேன்."

"நாப்பது வருஷம் மான் வேட்டைக்கு அவன் துப்பாக்கிக்கு முன்னாடி நடந்து போனே. அப்ப நம்பினே இல்ல?"

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது."

மறுநாள் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துப் போனபோதுதான் அவள் கவனித்தாள்: சாலையோரப் புல் நெடுகிலும் வெட்டியிருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கவுண்டி நிலம், மாவட்ட நிர்வாகத்துடையது. அங்கே நட்டதைப் புல் வெட்டுகிறவர்கள் பிடுங்கிப் போவார்கள். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரிந்த விஷயம். தேர்தல் நேரத்தில் மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வராது, அவளுக்கே வரவில்லை.

காரை எடுத்துக்கொண்டு கவுண்டி சாலைத் துறைக் கொட்டகைக்குப் போனாள். மூலையில் பலகைகள் குவிந்து கிடந்தன. இரண்டு கட்சியும், விற்பனைக்கு இருக்கும் வீடும், காணாமல்போன நாயும், தேவாலயத்து விருந்தும்.

"தேடி எடுத்துக்கோங்க" என்றான் அங்கிருந்தவன். "இந்தக் கவுண்டியிலயே ரெண்டு கட்சியும் சண்டை போடாம படுத்திருக்கிற இடம் இதுதான்."

அவள் தங்கள் பலகையைக் கொண்டுவந்து வெண்டெலின் மடியில் வைத்தாள். "இந்தா. புல் வெட்டறவன் எடுத்திருக்கான். நான் நட்ட இடம் தப்பு."

வெண்டெல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவனுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. வருஷா வருஷம் வெட்டறான்."

"தேர்தலுக்கு முன்னாடி பார்த்து?"

"புல்லு தேர்தலைப் பார்த்தா வளருது?"

"லைலோட மச்சினன் சாலைத் துறையில இருந்தவன்தானே?"

"அவன் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு, வெண்டெல்!"

"இருந்தான் இல்ல?" என்று சொல்லிவிட்டு அவன் டி.வி. பக்கம் திரும்பினான்.

ஆர்டிஸ் அதோடு விட்டாள். முதியோர் இல்லத்தில், செத்துப்போன அம்மா வருவாள் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தவர்களை அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு மூளையில் நோய். இவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது. அதனால்தான் அவளுக்கு வழி தெரியவில்லை.

லைல் இல்லாத நாட்களில் தனியாகத் தூக்கிப் பார்த்தாள். பட்டையைக் கட்டி, முழங்காலை அவன் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, சறுக்குப் பலகை போட்டு, தெரிந்த வித்தையெல்லாம் செய்தாள். கவுண்டி அனுப்பும் வீட்டு உதவியாளருக்குப் பெயர் கொடுத்திருந்தாள். இளவேனிலுக்கு முன்னால் ஆள் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மதியம் நாற்காலிக்கும் கழிப்பு நாற்காலிக்கும் நடுவில் அவன் நழுவினான். விழவிடாமல், தன் தொடை மீது சரித்துத் தரையில் இறக்கினாள். அவளுடைய முதுகில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. அவன் தலைக்குத் தலையணை வைத்தாள். இரண்டு கால்களும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாள். எலும்பு முறியவில்லை.

"யாரையும் கூப்பிடாதே" என்றான்.

"சரி. இங்கேயே இரு. ராத்திரி சாப்பாட்டை ஒரு தட்டுல போட்டுத் தரையில தள்ளிவிடறேன்."

அவள் அவசர எண்ணை அழைத்தாள்.

அந்த ஊரில் தீயணைப்புத் துறை என்பது சம்பளம் இல்லாத துறை. குழாயைத் தூக்கத் தெம்புள்ளவர்கள் எல்லோரும் அதில் உண்டு. தீ எப்போதாவதுதான். பெரும்பாலும் விழுந்த கிழவர்களைத் தூக்கிவிடத்தான் கூப்பிடுவார்கள். வண்டி வந்து நின்றது. முதலில் பல்பொருள் கடையில் வேலை பார்க்கும் கெய்லா இறங்கினாள். அவளுக்குப் பின்னால், கனத்த மஞ்சள் பட்டை போட்ட ஜாக்கெட்டில் லைல்.

ஆர்டிஸ் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. லைல் தரையில் மண்டியிட்டான்.

"வணக்கம், மிஸ்டர் கிரெம்ஸர். எங்கயாவது வலிக்குதுங்களா?"

வெண்டெல் கூரையைப் பார்த்தான். "இல்லைங்க."

"இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுங்களா?"

"வியாழன்."

"இப்ப ஜனாதிபதி யாருங்க?"

அது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. தலையில் அடிபட்டதா என்று அறிவதற்கு. கெய்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதைப் பத்தி எனக்குக் கருத்து வேற" என்றான் வெண்டெல்.

"தெளிவாத்தான் இருக்காரு. தூக்கலாம்" என்றான் லைல்.

மூன்று எண்ணினார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் வெண்டெல் கெய்லாவைப் பார்த்து, "துறைக்கு நன்றி" என்றான். லைல் வெளியேறினான்.

வண்டி போனதும் ஆர்டிஸ் சண்டைக்குத் தயாராகக் காத்திருந்தாள். வெண்டெல் கோபப்படவில்லை.

"துறை அனுப்பினா அது வேற" என்றான். "துறை யாருக்கும் சொந்தமில்லை. எங்கப்பா அதுல இருந்தாரு."

அவள் அதை யோசித்தபடியே, முதுகில் சூட்டுப் பையைக் கட்டிக்கொண்டு, பொழுது சாயும்முன் சாலையைக் கடந்தாள்.

லைல் வீட்டிலும் டி.வி. ஓடியது. வேறு சேனல். அங்கேயும் ஒரு மேசை, அங்கேயும் முன்னால் சாய்ந்து பேசும் ஒருத்தி. "இவங்களோட பேசிப் பிரயோஜனமில்லை, இவங்க திருந்த மாட்டாங்க" என்றாள் அவள். இடையில் வந்த மூட்டுவலி மாத்திரை விளம்பரம்கூட அதே விளம்பரம்.

"அதைக் கொஞ்சம் அணை" என்றாள் ஆர்டிஸ்.

லைல் சத்தத்தை மட்டும் குறைத்தான். "மன்னிப்புக் கேக்கச் சொல்லு. நாளைக்கே வரேன்."

"கேக்க மாட்டான்."

"போலீஸ்காரன் இந்த வாசல்ல நின்னான் ஆர்டிஸ். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுனவன். நான் ஏத்தி இறக்குன பையன்தான் அந்தப் போலீஸ்காரன். என் மூஞ்சியைப் பாக்க முடியாம தரையைப் பார்த்துக்கிட்டே கேள்வி கேட்டான்."

"தெரியும்."

"அப்புறம் எந்த மூஞ்சியோட வந்து கேக்குற?"

"என் முதுகு போச்சு. அவனுக்காகக் கேக்கல, எனக்காகக் கேக்குறேன். நீ வரலைன்னா திங்கக்கிழமை அவனை இல்லத்துல சேர்க்கணும். நான் வேலை பார்த்த இடம். அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்."

போனி உள்ளேயிருந்து, "போயேன், என்ன குறைஞ்சுடப்போறே?" என்றாள்.

"என்னை உள்ளே விடுவானா அவன்?"

"உன்னை விடமாட்டான். துறையை விடுவான்."

லைலுக்குப் புரிந்தது. "அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டா? தினமுமா? தலைவனுக்குத் தெரிஞ்சா என்னைத் துறையிலேருந்தே தூக்கிடுவான்."

"பழசு ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. கை கிழிஞ்சது. பனியில மீன் பிடிக்கப் போறப்ப போடுவேன்." அவன் தலையைச் சொறிந்தான். "அவனுக்குத் தெரியாதா என்ன, நான்தான்னு?"

"நல்லாவே தெரியும்."

"எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அப்புறம் யாரை ஏமாத்த இந்த வேஷம்?"

"யாரையும் இல்லை. அவன் தோத்தான்னு யாரும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப நான்?"

ஆர்டிஸ் மெதுவாக எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் சமையலறைக் கதவு தட்டப்பட்டது. இத்தனை வருடத்தில் லைல் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அவள் போய்த் திறந்தாள். கிழிந்த கையில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பித்தான் மாட்டி நின்றான். லேசாக மீன் நாற்றம் அடித்தது.

"யாரு?" படுக்கையறையிலிருந்து வெண்டெல் கேட்டான்.

"துறை" என்றாள் ஆர்டிஸ்.

"வரச் சொல்லு."

லைல் அவனைப் பார்க்காமல் பட்டையைக் கட்டினான். வெண்டெலும் அவனைப் பார்க்காமல் நல்ல கையைத் தூக்கி அவன் தோளில் போட்டான். ஆர்டிஸ் மறுபக்கம் பிடித்தாள். முதுகு வலித்தது, ஆனால் தாங்கியது. மூன்று எண்ணியது லைல். நாற்காலியில் உட்கார வைத்ததும் கால்களுக்குக் கீழே தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான்.

"சாயங்காலமும் ஆள் வேணுங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"துறை எப்படிச் சொல்லுதோ அப்படி" என்று சொல்லிவிட்டு, வெண்டெல் டி.வி.யைப் போட்டான்.

கல்வரின் குரல் வருவதற்குள் லைல் வெளியேறிவிட்டான். ஆர்டிஸ் நனைந்திருந்த விரிப்பை உருவி, மெத்தையைத் துடைத்து, புது விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினாள்.