திரௌபதி சொன்ன யோசனை

கிரிவலப் பாதையின் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் பதினான்கு பெண்களில் திரௌபதி ஒருத்தி. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவாள். பௌர்ணமிக் கூட்டத்தில் எந்தக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, எதில் தண்ணீர் நின்றுபோனது என்று யாருக்கும் தெரியாது. அடக்கிக்கொண்டு நடந்து வரும் பெண்கள் அவளிடம்தான் எரிந்து விழுவார்கள்.

போன வருடம் ஒரு தனியார் நிறுவனம் ஊருக்கென்று செல்போன் செயலி செய்யக் கிளம்பியது. மக்களிடம் யோசனை கேட்க, அங்கே வேலை பார்க்கும் சிந்துஜா வேங்கிக்காலில் கூட்டம் போட்டாள். கடைக்காரர்கள், லாட்ஜ்காரர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு மைக் திரௌபதியிடம் வந்தது.

“எந்தக் கக்கூஸ் தொறந்திருக்கு, எது நல்லா இருக்குன்னு ஜனங்க போன்லயே பாக்கணுங்க. தண்ணி நின்னுட்டா நாங்க ஒரு பட்டன அமுக்குனா லாரி வந்துடணும். ஜாஸ்தி ஒண்ணும் வேணாங்க.”

கூட்டம் கை தட்டியது. “அக்கா, இதத்தான் மொதல்ல பண்ணப் போறோம்” என்றாள் சிந்துஜா.

பதினான்கு பேரின் போட்டோவும் வேண்டும் என்று பிறகு சொல்லியனுப்பினாள். கூட வேலை செய்யும் வள்ளி மட்டும் கடைசிவரை மறுத்தாள். “நம்ம நல்லதுக்குத்தாண்டி” என்று திரௌபதிதான் சம்மதிக்க வைத்தாள்.

செயலி வந்தது. ஒவ்வொரு கழிப்பறைக்கும் நேராகச் சுத்தம் செய்பவளின் முகம், பெயர், மதிப்பெண் போட ஐந்து நட்சத்திரம். பட்டன் எங்கேயும் இல்லை. முதல் பக்கத்தில் மைக் பிடித்த திரௌபதி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, ‘மக்கள் யோசனையில் உருவானது’.

சித்ரா பௌர்ணமியன்று வள்ளியின் கழிப்பறையில் மதியமே தண்ணீர் நின்றது. அவள் நான்கு முறை போன் செய்தும் லாரி வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவள் முகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், கழிப்பறை வேலையைக் குத்தகைக்கு எடுத்த கான்ட்ராக்ட்காரர்கள் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

திரௌபதி சிந்துஜாவுக்குப் போன் செய்தாள்.

“கான்ட்ராக்ட்காரங்க இப்பிடித்தான் வேணும்னு கேட்டாங்கக்கா. பட்டன் அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க.”

“அப்ப என்னைய எதுக்கும்மா கேட்டீங்க?”

“எது நல்லா இருக்குன்னு ஜனங்களுக்குத் தெரியணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?”

திரௌபதி போனை வைத்தாள். சொன்னது அவள்தான்.

அடுத்த பௌர்ணமி காலை பதின்மூன்று பேரும் துடைப்பத்தைத் தொடாமல் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். செயலியிலிருந்து முகங்களை எடுக்க வேண்டும், வள்ளியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். பதினொரு மணிக்குள் முகங்கள் மறைந்தன. வள்ளியைப் பற்றிப் பேச யாரும் வரவில்லை. மதியம், கூட்டம் பெருகியதும், ஒவ்வொருத்தியாக எழுந்து வேலைக்குப் போனார்கள். கடைசியாகத் திரௌபதியும் எழுந்தாள்.

சாயங்காலம் அவள் வள்ளி வீட்டுக்குப் போனாள். வள்ளி உள்ளே கூப்பிடவில்லை.

“அந்தக் கம்பெனிக்காரி யாரு, எவருன்னே எனக்குத் தெரியாது” என்றாள். “உன் மொகத்துக்காகத்தான் போட்டோ குடுத்தேன்.”

கதவைச் சாத்திக்கொண்டாள்.